வீடு திரும்பிய பிறகு: முன்னாள் படைவீரர்களும் தற்கொலை ஆபத்தும்

ஆஸ்திரேலியப் படைகளில் பணியாற்றியவர்களில் 1,677 பேர் 1997-க்கும் 2021-க்கும் இடையில் தற்கொலையால் இறந்தார்கள். அதே காலத்தில் களப்பணியில் கொல்லப்பட்டவர்களைப் போல இது 20 மடங்குக்கும் அதிகம். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, உயர்மட்ட விசாரணைக் குழுவான ராயல் கமிஷனின் அறிக்கை சொன்ன கணக்கு இது. கடந்த பத்தாண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டு வாரத்துக்குச் சராசரியாக மூன்று பேர்.

இந்தக் கமிஷன் அரசு தானாக முன்வந்து அமைத்ததல்ல. கடற்படையில் இருந்த மகனை 2019-இல் இழந்த ஒரு தாய் விடாமல் கேட்டார். அவருடைய மனுவில் லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவரைப் போலவே பிள்ளையையோ கணவரையோ இழந்த வேறு பலரும் சேர்ந்து நெருக்கிய பிறகுதான் 2021 ஜூலையில் கமிஷன் அமைந்தது. அதற்கு முன்னால் 20 ஆண்டுகளில் இதே விஷயத்தைச் சுற்றி 50-க்கும் மேற்பட்ட விசாரணைகள் நடந்து, 750-க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்து, பெரும்பாலும் அலமாரிக்குள் போயிருந்தன. கமிஷன் தலைவர் நிக் கால்டாஸ் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன்.

மேலே சொன்ன எண்ணைப் படித்ததும் நமக்கு உடனே தோன்றுவது என்ன? ஆப்கானிஸ்தான், ஈராக், குண்டு, ரத்தம், கெட்ட கனவு. போருக்குப் போனார்கள், மனம் உடைந்தது, அதனால் இறந்தார்கள். சினிமாவும் செய்தியும் நமக்குப் பழக்கிவிட்ட கதை இது. ஆனால் எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

இன்னும் பணியில் இருக்கும் ஆண்களின் தற்கொலை விகிதம் ஆஸ்திரேலியாவின் பொதுவான ஆண்களைவிட ஏறக்குறைய பாதிதான். ஆரோக்கியமானவர்களைத் தேர்ந்தெடுத்துத்தானே படையில் சேர்க்கிறார்கள். வேலை, சம்பளம், சாப்பாடு, கூட்டாளிகள் எல்லாம் இருக்கிறது. அதனால் குறைவு என்பதில் ஆச்சரியமில்லை. பணியை விட்டு வந்த ஆண்களுக்கு அதே விகிதம் பொதுமக்களைவிடக் கால்பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பணியை விட்ட பெண்களுக்கு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. விட்டு வந்தவர்களிலும் எல்லாரும் ஒன்றல்ல. விருப்பப்பட்டு விலகிய ஆண்களோடு ஒப்பிட்டால், உடல்நிலையைக் காரணம் காட்டி, விருப்பமில்லாமல் அனுப்பப்பட்ட ஆண்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அமெரிக்காவில் நடந்த ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. 2001 அக்டோபருக்கும் 2007 முடிவுக்கும் இடையில் படையில் இருந்த ஏறக்குறைய 39 லட்சம் பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்கள், அனுப்பப்படாதவர்கள் என்று பிரித்தபோது தற்கொலை விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பணியில் இருப்பவர்கள், விலகியவர்கள் என்று பிரித்தபோதுதான் வித்தியாசம் வந்தது. சீக்கிரம் விலகியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நான்கு ஆண்டுகூட முடிக்காமல் வந்தவர்கள் அதில் முன்னால் நின்றார்கள். நன்னடத்தைச் சான்றோடு வெளியே வந்தவர்களைவிட, அது இல்லாமல் அனுப்பப்பட்டவர்களின் விகிதம் இரண்டு மடங்கு.

ஆக, கவலைப்பட வேண்டிய காலம் டிஸ்சார்ஜ் ஆன அன்று தொடங்குகிறது. வெளியே வந்த முதல் ஓராண்டு குறிப்பாக ஆபத்தானது என்று அடுத்து வந்த ஆய்வுகளும் சொல்கின்றன.

அந்த ஓராண்டில் என்னதான் நடக்கிறது?

பதினெட்டு வயதில் சேர்ந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லப்பட்டுவிடும். பல்வலி என்றால் போக ஓர் இடம் உண்டு. ராத்திரி பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருப்பான். அவன் குறட்டைகூடத் தெரியும். ‘நான்’ என்று சொல்வதைவிட ‘நாங்கள்’ என்று சொல்லப் பழக்கியிருப்பார்கள். வலித்தாலும் வலி என்று சொல்லாதே, பக்கத்தில் இருப்பவனுக்குப் பாரமாக இருக்காதே என்று கற்றுக்கொடுத்திருப்பார்கள். களத்தில் அது அவசியம். அதனால்தான் அவ்வளவு ஆழமாகப் பதிய வைக்கிறார்கள்.

பிறகு ஒருநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கேட்டைத் தாண்டுகிறார். வெளியே இருக்கும் உலகத்துக்கு அவர் யாரென்று தெரியாது. 30 பேரை வழிநடத்தியவர் வேலைக்கு விண்ணப்பித்தால், ‘முன் அனுபவம் ஏதாவது உண்டா?’ என்று கேட்கிறார்கள். வீட்டிலோ அவர் இல்லாமலே எல்லாம் நடந்து பழகிவிட்டது. லீவில் வந்த அப்பாவைக் கொண்டாடிய பிள்ளைகளுக்கு, தினமும் வீட்டில் இருக்கும் அப்பா புதிய ஆள். தூக்கம் வராது. குடி கொஞ்சம் கூடும். உதவி கேட்கலாம் என்றால், கேட்காதே என்றல்லவா பழக்கியிருக்கிறார்கள்?

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் தற்கொலை பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். யாரோடும் ஒட்டவில்லை என்ற உணர்வு, நான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணம், வலியையும் மரணத்தையும் கண்டு அஞ்சாத பழக்கம். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேரும்போது ஆபத்து முற்றுகிறது என்பது அதன் சாரம். மூன்றாவது விஷயம் படைவீரரிடம் பயிற்சியாலேயே வந்துவிடுகிறது. பணியில் இருக்கும் வரை முதல் இரண்டும் கிட்டே வராமல் யூனிட் பார்த்துக்கொள்கிறது. யூனிட்டை எடுத்துவிட்டால்? இந்தக் கோட்பாடு எல்லாத் தற்கொலைகளையும் விளக்கிவிடாது. எந்தத் தற்கொலைக்கும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மேலே பார்த்த எண்களோடு இதை வைத்துப் பார்த்தால் நிறையப் புரிகிறது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு போருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. களத்துக்குப் போனாரா என்ற கேள்வியைவிட, அங்கே எதைப் பார்த்தார், எதைச் செய்ய நேர்ந்தது என்பது முக்கியம். முதல் உலகப் போரில் ‘குண்டு அதிர்ச்சி’ என்றார்கள். அப்போது அதைக் கோழைத்தனம் என்று முத்திரை குத்தித் தண்டித்ததும் உண்டு. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் 1970-களில் அமெரிக்காவில் தாங்களே கூடி உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அவர்களோடு உட்கார்ந்த மருத்துவர்களும் சேர்ந்து போராடியதில்தான் பிடிஎஸ்டி என்ற நோய்ப்பெயர் 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் ஏறியது. பேரதிர்ச்சிக்குப் பின் அந்த நிகழ்வு மனத்தில் மறுபடி மறுபடி நடப்பது, தூக்கம் கெடுவது, சின்னச் சத்தத்துக்கும் உடல் தூக்கிவாரிப்போடுவது எல்லாம் அதில் அடங்கும். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது.

இன்னொன்று இருக்கிறது, அதற்குப் பெயர் வைத்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. வியட்நாம் வீரர்களுக்குப் பல ஆண்டு சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே 1990-களில் பேசத் தொடங்கிய ‘அறக்காயம்’. இங்கே ஆளை அரிப்பது பயமல்ல, குற்றவுணர்வு. சுட்டது யாரை என்று பிறகு தெரிந்தது, காப்பாற்றியிருக்கலாம் என்று நினைக்கும் நண்பன், மேலதிகாரி செய்த துரோகம், தடுக்காமல் நின்ற நிமிடம். இதை மனைவியிடம் சொல்ல முடியாது. ‘நாட்டுக்காகத்தானே செய்தீர்கள்’ என்று ஊர் பாராட்டினால் இன்னும் உள்ளே போய்விடும். மாத்திரை இதில் ஓரளவுக்குமேல் உதவாது. அதே மாதிரி ஒரு நாளை வாழ்ந்த இன்னொருவர் எதிரே உட்கார்ந்து கேட்பதுதான் பலருக்கு வாயைத் திறக்க வைக்கிறது.

பெண்களுக்கு ஏன் இரண்டு மடங்கு? இதற்கான பதிலின் ஒரு பகுதியை ஆஸ்திரேலியக் கமிஷன் மறைக்காமல் சொன்னது: படைக்குள் நடந்த பாலியல் வன்முறை. செய்தது எதிரி அல்ல, கூட இருந்தவர். புகார் கொடுத்தால் விசாரிக்கப்போவதும் அதே அமைப்பு. இதைத் தாங்கிக்கொண்டு வெளியே வருபவர், ‘நீங்களும் மிலிட்டரியா?’ என்று கேட்கப்படும் உலகத்துக்கு வருகிறார்.

அப்புறம், காகிதம்.

கமிஷன் முழு அறிக்கைக்குக் காத்திருக்காமல் 2022 ஆகஸ்டில் ஓர் இடைக்கால அறிக்கை கொடுத்தது. அதில் அது முதலில் கையில் எடுத்த விஷயங்களில் ஒன்று இழப்பீட்டு மனுக்கள். அந்த ஆண்டு மே 31-ஆம் தேதி நிலவரப்படி, காயத்துக்கும் நோய்க்கும் நிவாரணம் கேட்டு முன்னாள் படைவீரர்கள் போட்ட 41,799 மனுக்கள் யாரும் பார்க்காமல் காத்திருந்தன. எந்தச் சட்டத்தின் கீழ் மனு செய்வது என்பதே பெரிய குழப்பம். 1986, 1988, 2004 என்று மூன்று சட்டங்கள். எந்த ஆண்டு பணியாற்றினார், காயம் எப்போது பட்டது என்பதைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ மூன்றுமோ பொருந்தும்.

மூட்டு தேய்ந்து, தூக்கம் கெட்டு, வேலை கிடைக்காமல் இருக்கும் ஒருவர் அந்தப் படிவத்தின் முன்னால் உட்கார்வதை யோசித்துப் பாருங்கள். முழங்கால் எந்தப் பயிற்சியில் போனது, தேதி என்ன, அன்று சிகிச்சை எடுத்ததற்குச் சான்று எங்கே? அன்று அவர் சிகிச்சை எடுத்திருக்கவே மாட்டார். வலியைச் சொன்னால் அடுத்த பணிக்கு அனுப்பமாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டு ஓடியிருப்பார். நல்ல வீரராக இருந்ததற்குத் தண்டனையாக இப்போது அவரிடம் ஆதாரம் இல்லை. மனநலத்துக்கு நிவாரணம் கேட்டால், எதை மறக்கப் பார்க்கிறாரோ அதையே எழுதித் தர வேண்டும். பிறகு ஒரு மருத்துவர், இன்னொரு மருத்துவர், மறுபடி எழுது. மாதக்கணக்கில் பதில் இல்லை. பல குடும்பங்கள் கமிஷன் முன்னால் வந்து சொன்னது இதைத்தான்: போர் தாங்கிய மனிதரை அந்தக் காத்திருப்பு உடைத்தது.

இங்கே மட்டும் ஒரு நல்ல செய்தி உண்டு. கூடுதலாகச் சில நூறு ஊழியர்களைப் போட்டதும் அந்தத் தேக்கம் 2024 தொடக்கத்துக்குள் கரைந்தது. மூன்று சட்டங்களை ஒன்றாக்கும் மசோதா 2025 பிப்ரவரியில் நிறைவேறியது; 2026 ஜூலை 1 முதல் ஒரே சட்டம் என்று நாள் குறித்தார்கள். ஆள் போட்டால் தீரக்கூடிய ஒரு விஷயம் எத்தனை வீடுகளில் என்னவெல்லாம் செய்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

தடுப்பதில் மிக எளிமையான, பலராலும் நம்பப்படாத வழி ஒன்று உண்டு. சாகத் தோன்றும் அந்தக் கடுமையான நேரம் நீளமானதல்ல. பலருக்கு அது சில நிமிடங்கள், சில மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. ‘சாக நினைத்தவர் எப்படியும் செத்துப்போவார்’ என்று நாம் சொல்லிக்கொள்வது தவறு. ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை.

அமெரிக்காவில் 2022-இல் தற்கொலையால் இறந்த முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர்; ஒரு நாளைக்கு 17-க்கு மேல். நான்கில் ஏறக்குறைய மூன்று பேர் விஷயத்தில் கருவி துப்பாக்கி. அதனால் அங்கே முன்னாள் படைவீரர் துறை துப்பாக்கிக்கான பூட்டை இலவசமாகக் கொடுக்கிறது. சாவியை நண்பரிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறது. இஸ்ரேலில் வார இறுதியில் வீட்டுக்குப் போகும் படைவீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று 2006-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதன்பின் படையினரின் தற்கொலை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. வார நாட்களில் அது கூடவும் இல்லை.

நமக்கு இது புதிதல்ல. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், 1990-களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பெருமளவு இறங்கியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பின் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் கிராமத்துக்கு நடுவே ஒரு கட்டடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்தார்கள். விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துச் சாவியை எடுத்துப் போனார்கள். அந்தக் கிராமங்களில் மரணம் குறைந்தது. வீட்டிலிருந்து அந்தப் பெட்டி வரை நடக்கும் தூரத்தில் எத்தனையோ பேருக்கு மனம் திரும்பியிருக்கும்.

சரி, நம் ஊரில்?

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்தவர், இருப்பவர். அந்த மாவட்டத்துச் சாலையில் போனால் ‘எக்ஸ் ஆர்மி’ என்று எழுதிய பைக்குகள் நிறையக் கண்ணில் படும். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 பேர் படையிலிருந்து வெளியே வருகிறார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர் 35, 40 வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுவார். அதன்பின் வங்கி வாசலில், ஏடிஎம் வாசலில், அடுக்குமாடி கேட்டில் அவரைப் பார்க்கிறோம். கேன்டீன் கார்டும் பென்ஷனும் இருக்கிறது, அவருக்கென்ன என்று நினைத்துக் கடந்துபோகிறோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலை அறிக்கையில் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் என்றும் ஒரு வரிசை இருக்கிறது. முன்னாள் படைவீரர் என்று தனி வரிசை இல்லை. ஆஸ்திரேலியத் தாய்மார்கள் கமிஷன் கேட்க முடிந்ததற்குக் காரணம், அங்கே படைப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் ஒன்றோடு ஒன்று பொருத்தி எண்ணத் தொடங்கியிருந்தார்கள். எண்ணாத துயரத்துக்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது? நம் நாட்டிலும் அந்த இரண்டு பதிவேடுகளைப் பொருத்திப் பார்ப்பது முடியாத காரியமல்ல.

இதற்கு அவசரமும் இருக்கிறது. அக்னிபத் திட்டத்தில் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணியினருக்கு நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் கால்வாசிப் பேர்தான் படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய 11.7 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது, முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவமும் கிடையாது. குறைந்த காலம் பணியாற்றி வந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று அமெரிக்க ஆய்வு சொன்னதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே சீக்கிரம் வந்தவர்களில் பலர் உடல்நிலையாலோ ஒழுங்கு நடவடிக்கையாலோ அனுப்பப்பட்டவர்கள்; இங்கே திட்டமே அதுதான். ஆனாலும் 22, 23 வயதில், படையில் தொடர வேண்டும் என்று நான்கு ஆண்டு உயிரைக் கொடுத்து ஓடியும் தேர்வாகாமல் வீடு திரும்பும் ஒரு பையனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நமக்குத் தெரியும். அவனோடு யார் பேசப்போகிறார்கள் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

பேச இடம் இல்லாமல் இல்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2023 டிசம்பரில் படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே புனேயில் அதற்குத் தனிப் பிரிவு திறந்தார்கள். இலங்கையில் 1926. வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றிக் கவலை என்றாலும் நீங்களே அழைத்துக் கேட்கலாம். நேரடியாக, ‘சாகணும்னு தோணுதா?’ என்று கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பெரும்பாலோருக்கு ஒரு பாரம் இறங்குகிறது.

கடைசியாக ஒரு கடிதம் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்தவர். அறிமுகமான ஓர் இளம்பெண் அப்போது விடாமல் எழுதிய கடிதங்கள் தன்னை எப்படித் தாங்கின என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த நினைவை வைத்து 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சோதனை தொடங்கினார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வீட்டுக்குப் போனபின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கடிதம் போனது, மற்றவர்களுக்குப் போகவில்லை. ஐந்து ஆண்டுகளில் ஆளுக்கு 24 கடிதங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான்: நீங்கள் இங்கிருந்து போய்க் கொஞ்ச நாளாகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், சந்தோஷப்படுவோம். மருந்து சாப்பிட்டீர்களா என்ற கேள்வி இல்லை, அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போது என்ற பேச்சு இல்லை. பதில் முகவரி எழுதிய உறை ஒன்றும் உள்ளே இருக்கும்.

கடிதம் பெற்றவர்களில் தற்கொலை குறைந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. 2020 முதல் அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை, தன் அவசர உதவி எண்ணுக்கு அழைத்தவர்களுக்கு இதே போன்ற கடிதங்களை அனுப்புகிறது. மோட்டோவுக்கு அந்த உறைகளில் பதில்களும் வந்தன. உங்கள் குறிப்பைப் பார்த்ததும் மனதுக்கு இதமாக இருந்தது, நம்மைப் பற்றி ஒருவர் அக்கறைப்படுகிறார் என்று தெரிவதே பெரிய விஷயம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.